மார்சியாசின் குழல்: ஒரு ஒத்துக்காரன் வாங்கி ஊதிப் பார்த்தது

இது புல்லாங்குழல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்கிறவர்களின் இணையப் பக்கத்தில் 'பண்டைய கிரேக்க இரட்டைப் புல்லாங்குழல்' என்று போட்டிருந்தது. அதை நம்பிப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்று யாராவது வாங்கினால், அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். என் வீட்டில் தட்டினார்.

இதன் பெயர் அவுலோஸ். தனித்தனியாக இரண்டு குழல், ஒவ்வொன்றின் தலையிலும் நாணலில் செய்த ஒரு சீவாளி, அதாவது ஊதுகிற நாக்கு. இரண்டையும் ஒன்றாக வாயில் வைத்து, வலக்கை ஒரு குழலிலும் இடக்கை இன்னொன்றிலுமாகப் பிடித்து ஊத வேண்டும். புல்லாங்குழலில் காற்று ஓட்டையின் விளிம்பில் மோதிச் சத்தம் வரும். இதில் சீவாளியின் இரண்டு உதடும் துடித்துச் சத்தம் வரும். அதாவது இது நாகசுரத்துக்குப் பங்காளி. தமிழில் கிரேக்கக் கதை எழுதுகிறவர்களும், அப்போலோ கடவுளோடு குழல் ஊதிப் போட்டி போட்டுத் தோல் உரிபட்ட மார்சியாசின் கையில் ஒரு புல்லாங்குழலைக் கொடுத்து, மாட்டுக்காரப் பையன் மாதிரி மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இதன் சத்தத்தை ஒரு தடவை கேட்டிருந்தால் அப்படி எழுத மனசு வராது.

நான் யார் என்று சொன்னால்தான் இந்த விமர்சனத்தை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். பெரியப்பா நாகசுரம், நான் பத்து வயதிலிருந்து அவருக்கு ஒத்து. ஒத்து என்றால் தெரியும்தானே, ஸ்வரம் எதுவும் வாசிக்காமல் சுருதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழல். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் அறுந்தால் பெரியப்பாவின் கண் ஒரு திரும்பு திரும்பும். பிறகு மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது, ஒத்துக்காரனுக்கு வேலை போயிற்று. 'அவன் இவனுக்கு ஒத்து ஊதுகிறான்' என்கிற வசவு மட்டும் தமிழில் தங்கிவிட்டது. அப்புறம் நாகசுரமே கற்றுக்கொண்டேன். இப்போது லண்டனுக்கு வெளியே பஸ் ஓட்டுகிறேன், உற்சவம் முகூர்த்தம் என்றால் கோயிலில் வாசிக்கிறேன்.

வாங்கத் தூண்டியது பிரிட்டிஷ் மியூசியம். மகளின் பள்ளி விடுமுறையில் போயிருந்தோம். அங்கே ஏதென்ஸ் பக்கத்துக் கல்லறை ஒன்றிலிருந்து எடுத்த மரக்குழல் ஜோடி இருக்கிறது. எல்ஜின் பிரபுவின் சேகரிப்போடு 1816இல் மியூசியத்துக்கு வந்தது. அதே சேகரிப்பில் ஒரு லைரும் இருக்கிறது, ஆமை ஓட்டில் செய்த சின்ன யாழ். புராணத்தில் ஒருவன் தோலை இன்னொருவன் உரிக்கும் வரை போன இரண்டு வாத்தியமும் ஒரே சேகரிப்பில் கம்மென்று கிடக்கின்றன. மகள் சனிக்கிழமைகளில் வீணை கற்கிறாள். யாழைப் பார்த்து, "அப்பா, இது என் கட்சி" என்றாள். எனக்கு அந்தக் குழல்களை விட்டு நகர முடியவில்லை. துளைகளைப் பார்த்து விரல் தானாக அசைந்தது. இரண்டு வாரத்தில் பணம் கட்டிவிட்டேன்.

விலை 285 பவுண்டு, தபால் செலவு தனி. பத்தொன்பதாம் நாள் வந்தது. பெட்டிக்குள் இரண்டு குழல், இரண்டு ஜோடி சீவாளி, ஒரு தோல் பட்டை, மடித்த தாள் ஒன்று. உறை கிடையாது.

மரவேலையில் குறை சொல்ல மாட்டேன். நாகசுரம் செய்கிற ஆச்சா மரத்தின் கனமும் கறுப்பும் இதில் வராது, மஞ்சளாக லேசாக இருக்கிறது. ஆனால் கடைசல் சுத்தம். துளையின் விளிம்பில் விரலை வைத்தால் பிசிறு இல்லை. மேலே ஐந்து துளை, கட்டைவிரலுக்கு அடியில் ஒன்று. நாகசுரத்தில் இரண்டு கையும் ஒரே உலவில், அதாவது ஒரே குழலில், ஏறி இறங்கிப் பழகியவனுக்கு, கைக்கொரு குழல் என்பது முதல் வாரம் பைத்தியம் பிடிக்க வைத்தது. இடக்கை ஏதாவது செய்ய ஆரம்பித்தால் வலக்கை நின்று வேடிக்கை பார்க்கும். பத்தாம் நாள்தான் புத்தி வந்தது. இடக்கைக் குழலில் ஒரு துளையை மட்டும் திறந்து வைத்து, அதை ஒத்தாக்கிக்கொண்டு, வலக்கையில் மோகன ராகத்தைப் பிடித்தேன். பெரியப்பாவும் நானும் ஒரே வாய்க்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

வித்வான்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாகசுரத்தின் உட்புறம் மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும். அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி சட்ஜமம் வரும். இதன் உட்புறம் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம். அதனால் முழ நீளக் குழலுக்குள்ளிருந்து நம்ப முடியாத தாழ்ந்த சத்தம் வருகிறது. அழுத்தினால் மேல் சட்ஜமத்துக்குப் பதிலாக அதற்கும் மேலே பஞ்சமத்துக்குத் தாவிவிடும். எனக்கு இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கச் சீவாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சீவாளியைத் திட்ட வேறு நியாயமான காரணம் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்று சீக்கிரம் ஊறுகிறது, இன்னொன்று முரடு. ஒரே துளையைத் திறந்தாலும் இரண்டு குழலும் அரை ஸ்வரம் தள்ளி நிற்கின்றன. கடைக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து, 'எங்கள் நாணல் அனைத்தும் ஒரே உயர்ந்த தரம்' என்று பதில் வந்தது. தரம் ஒன்றாக இருந்து என்ன பிரயோஜனம்? ஒரே தட்டையில் வெட்டியதாக இருக்க வேண்டும். இது என் சொந்த வித்தை இல்லை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் செடிகளைப் பற்றி எழுதியபோது இதையும் எழுதி வைத்திருக்கிறார். போயோஷியா நாட்டுக் கோப்பாய்ஸ் ஏரியில் விளைந்த நாணல்தான் அவுலோசுக்குப் பேர்போனது. ஜோடி நாக்கு இரண்டையும் ஒரே கணுவிடையிலிருந்து எடுத்தால்தான் சேர்ந்து பேசும். எந்தப் பருவத்தில் வெட்டுவது, எத்தனை வருஷம் பக்குவப்படுத்துவது என்றெல்லாம் கணக்கு வைத்திருந்தார்கள். காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையைப் பற்றி எங்கள் ஊர் சீவாளிக்காரர் பேசுவது போலவே இருக்கிறது. இத்தனை விலை வாங்குகிற கடைக்கு 2300 வருஷத்துப் பழைய செய்தி போய்ச் சேரவில்லை. கடைசியில் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கொறுக்கையில் ஒரே துண்டை இரண்டாக்கி நானே ஜோடி கட்டினேன். அதன் பிறகுதான் குழல் வாயைத் திறந்து பேசியது. சீவாளிக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் 5க்கு 1. அந்த ஒன்றும் கட்டின நூலுக்காக.

தோல் பட்டைக்கு வருகிறேன். இதற்குக் கிரேக்கப் பெயர் ஃபோர்பெயா. வாய்க்கு நேராக இரண்டு ஓட்டை, கன்னத்தைச் சுற்றிப் போய்ப் பின்மண்டையில் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு சீவாளிக்கும் சேர்த்து ஊதும்போது கன்னம் தவளை மாதிரி உப்பி, உதட்டோரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அதை இது அணை போட்டு நிறுத்துகிறது. வேலை செய்கிறது, சந்தேகமில்லை. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். கடிவாளம் போட்ட கிழட்டுக் குதிரை. மகள் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டாள்.

கதை முழுக்க இந்தக் கன்னத்தில்தான் ஆரம்பிக்கிறது. அவுலோசைச் செய்தவள் அதீனா தேவி. விருந்தில் வாசித்துக் காட்டினாள், மற்ற தேவிகள் சிரித்தார்கள். ஏன் என்று புரியாமல் போய்ச் சுனை நீரில் பார்த்தால் தன் முகம் உப்பிக் கோணியிருக்கிறது. வீசி எறிந்தாள், எடுப்பவன் நாசமாகப் போக என்று சபித்துவிட்டுப் போனாள். எடுத்தவன் மார்சியாஸ். ஃபிரிஜியா நாட்டுக் காட்டுவாசி, குதிரை வாலோ ஆட்டுக் காலோ வைத்து வரைவார்கள். முகம் கோணினால் அவனுக்கு என்ன? ஏற்கெனவே யாரும் அவனை அழகன் என்று சொன்னதில்லை. பட்டையைக் கண்டுபிடித்ததும் அவன்தான் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். தேவிக்கு மானப் பிரச்சினையாகத் தெரிந்தது, தொழில்காரனுக்கு வேலைப் பிரச்சினையாகத் தெரிந்தது. ஒரு வார் தோலில் தீர்த்துவிட்டான்.

இந்தக் கன்னப் பேச்சு தேவியோடு நிற்கவில்லை. ஏதென்சின் பெரிய வீட்டுப் பிள்ளை ஆல்சிபியாடஸ் சிறுவயதில் அவுலோஸ் கற்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். முகம் கெடும், அதோடு ஊதும்போது பேச முடியாது, பேசத் தெரியாத தீப்ஸ் நகரத்துப் பிள்ளைகள் ஊதட்டும் என்றான். எங்கள் நகரத்துக்கு அதீனாவும் அப்போலோவும் காவல், ஒருத்தி குழலை எறிந்தாள், ஒருவன் ஊதினவன் தோலை உரித்தான், அப்புறம் நான் எதற்கு ஊத வேண்டும் என்று கேட்டானாம். அப்படிச் சொன்ன ஊரில்தான் கல்யாணம், பலி, நாடகம், போர்க்கப்பல் துடுப்பு எல்லாவற்றுக்கும் அவுலோஸ் வேண்டியிருந்தது. வாசிப்பு வேண்டும், வாசிப்பவன் வேண்டாம். எங்கள் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "இதுல என்னப்பா புதுசு" என்றிருப்பார்.

பெட்டியில் வந்த தாளில் போட்டிக் கதையை ஆறு வரியில் முடித்திருக்கிறார்கள்: 'கர்வம் பிடித்த மார்சியாஸ் கடவுளையே போட்டிக்கு அழைத்தான், தோற்றான், தண்டனை பெற்றான்.' எனக்கு இந்தத் தாள் மீதுதான் உச்சபட்சக் கோபம். மேலே ஒரு படம் வேறு. ஏதென்ஸ் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் மான்டினியாச் சிற்பப் பலகை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. இடப்பக்கம் அப்போலோ யாழோடு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் மார்சியாஸ் உடம்பெல்லாம் முறுக்கி ஊதிக்கொண்டிருக்கிறான். நடுவில் ஒரு அடிமை. கையில் கத்தி. வாசிப்பு இன்னும் முடியவில்லை, தீர்ப்புச் சொல்லவில்லை, கத்தி மட்டும் தயாராக வந்து நிற்கிறது. இந்தப் படத்தைப் போட்டுவிட்டு அதன் கீழே கர்வம் என்று எழுதுவதற்குத் தனி நெஞ்சு வேண்டும்.

கதையைப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடரஸ் சொல்கிறபடி பார்த்தால் முதல் சுற்றில் அப்போலோ யாழை மட்டும் மீட்டினார், மார்சியாஸ் ஊதினான், கேட்டவர்கள் குழல் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டாம் சுற்றில் அப்போலோ யாழை மீட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தார். மார்சியாஸ் ஆட்சேபித்தான்: இது வாத்தியப் போட்டியா, வாய்ப்பாட்டுப் போட்டியா? ஒரு வித்தைக்கு எதிராக இரண்டு வித்தையைக் கொண்டுவருவது எந்த ஊர் நியாயம்? அதற்கு அப்போலோ, நீயும் வாயைத்தானே பயன்படுத்துகிறாய், ஒன்று இருவருக்கும் வாய் உண்டு, இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை என்றார். வக்கீல் பேச்சு! என் வாய்க்குள் இரண்டு சீவாளி இருக்கிறது ஐயா, பட்டை வேறு கட்டியிருக்கிறது, எங்கிருந்து பாடுவது? கூட்டம் அப்போலோவுக்குத் தலையாட்டியது. அதற்குப் பெயர்தான் ஒத்து ஊதுவது.

பழைய புராணக் கதைகளைத் தொகுத்த அப்பொல்லடோரசும் ஹைஜீனசும் வேறு மாதிரி சொல்கிறார்கள். அப்போலோ யாழைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டு, இதே போல் செய் என்றாராம். குழலைத் தலைகீழாக்கினால் அணசுப் பக்கம், அதாவது அடிவாய், வாய்க்கு வரும், காற்றுத்தான் வரும். ஹைஜீனஸ் கதையில் நடுவர்கள் யார் தெரியுமா, மியூஸ் தேவதைகள். அப்போலோவின் சொந்தக் கோஷ்டி. மாப்பிள்ளை வீட்டாரே பஞ்சாயத்து பண்ணின கதை.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் வீணையைப் பார்த்தாள். "இதைத் தலைகீழா வெச்சா குடம் மேல வரும், தந்தி கையில எட்டாது. அந்த யாழு சின்னதா இருக்கறதால செஞ்சுட்டாரு. அது சங்கீதம் இல்லப்பா, சர்க்கஸ்." எதிர்க்கட்சியிலிருந்து வந்த இந்த ஒரு வாக்கை மார்சியாஸ் சார்பில் பதிவு செய்கிறேன்.

தாளில் 'நாகரிகமற்ற காட்டு வாத்தியம்' என்று இன்னொரு வரி. கி.மு. 586இல் டெல்ஃபியில், அப்போலோவின் சொந்தக் கோயில் விழாவில், அவுலோஸ் போட்டி நடந்தது. ஜெயித்தவர் ஆர்கோஸ் ஊர் சகாடாஸ். அவர் வாசித்ததே அப்போலோ பாம்பைக் கொன்ற கதை, பாட்டில்லாமல் குழலிலேயே. அந்த வாசிப்புக்குப் பிறகுதான் அவுலோஸ்காரர்கள் மேல் அப்போலோவுக்கு இருந்த பகை தீர்ந்தது என்று பழைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசனியாஸ் எழுதியிருக்கிறார். இதைத் தாளில் போட்டிருந்தால் ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுத்திருப்பேன்.

தண்டனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பைன் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு உயிரோடு தோலை உரித்தார்கள். பிறகு மனசு கேட்காமல் அப்போலோ தன் யாழின் தந்திகளை அறுத்துக்கொண்டு கொஞ்ச காலம் வாசிக்காமல் இருந்தார் என்று டியோடரஸ் சேர்க்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். இடம் கெலைனாய், இன்றைக்குத் துருக்கியில் தினார் என்னும் ஊர். மார்சியாஸ் பெயரிலேயே அங்கே ஒரு ஆறு ஓடியது. தோல் அந்த ஊரில் தொங்கிக்கொண்டிருந்ததாக ஹெரோடோட்டஸ் சொல்கிறார். ஆற்றின் ஊற்றுக்கண் இருக்கும் குகையில்தான் அப்போலோ அதைத் தொங்கவிட்டார் என்கிறார் படையோடு அந்த வழியாகப் போன செனஃபோன். ஏலியன் இன்னொன்று சொல்கிறார்: ஃபிரிஜிய ராகத்தைப் பக்கத்தில் யாராவது ஊதினால் அந்தத் தோல் அசையும். அப்போலோவின் பாட்டை வாசித்தால் அசையாது.

இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விஷயம். சின்ன வயதில் கச்சேரிக்கு முன்னால் தவில்காரர் தோலை வெயிலில் காட்டி எடுத்து வந்து வைப்பார். பெரியப்பா சீவாளியைச் சரிபார்க்க ஒரு ஊதல் ஊதுவார். யாரும் தொடாமல் தவில் மெல்ல உம் என்று சொல்லும். உள்ளங்கையை வைத்தால் தோல் நடுங்குவது தெரியும். கெலைனாய்க் கதையை முதலில் கட்டியவன் கட்டாயம் ஒரு தோல் வாத்தியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதினவன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் பூஜை முடிந்ததும், சமையல்கட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வாங்கித் தவிலை நிமிர்த்தி வலப்பக்கத் தோலான வலந்தலை மேல் தூவினேன். தவில்காரத் தம்பி, "அண்ணே, என்ன வேண்டுதலா?" என்றான். பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு முழம் தள்ளி நின்று ஊதினேன். மேல் துளைகளில் அரிசி அசையவில்லை. எல்லாத் துளையையும் மூடி அடிச்சுருதியைப் பிடித்து, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே விடாமல் நிறுத்தினேன். நான் பத்து வயதிலிருந்து செய்த ஒரே வேலை அது. அரிசி முதலில் நடுங்கியது, பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊர்ந்தது, நாலைந்து மணி எகிறிக் கீழே விழுந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. தோலைத் துடைத்துத் தவிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வாங்கலாமா என்றால், ஏற்கெனவே நாகசுரமோ முகவீணையோ ஊதத் தெரிந்தவர்கள் வாங்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கடையின் சீவாளியோடு முதல் மாதமே மனம் வெறுத்துவிடும். மரத்துக்கு 4, பட்டைக்கு 4, சீவாளிக்கு 1, தாளுக்குப் பூஜ்யம். மொத்தத்தில் 5க்கு 3 போட்டிருக்கிறேன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஊதி முடித்துவிடுங்கள்.

வாங்கியவர்களுக்குச் சலுகை விலையில் தோல் உறை தருவதாக நேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது. 40 பவுண்டு. கிரேக்கர்களும் குழலைத் தோல் பையில்தான் வைத்தார்களாம். வேண்டாம் என்று எழுதிவிட்டு, பெரியப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.